எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வாரப் பத்திரிகை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பார் பற்றி ஏற்கெனவே நாலு கட்டுரை வந்தாயிற்றாம். "நம்ம பக்கத்துச் சரித்திரம் ஏதாவது எழுதுங்க" என்றார்கள். நான் சரித்திரம் படித்தவன் இல்லை, இன்ஜினீயர். ஆனால் படித்த நாலு வருஷமும் கோட்டக்குப்பம் வழியாகப் பஸ்ஸில் போய் வந்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது எல்லை.

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே புறப்படுகிறோம். முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம், அதாவது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் தாண்டிக் காலாப்பட்டு வந்தால் மறுபடியும் புதுவை. கனகசெட்டிக்குளம் கழிந்தால் மறுபடியும் தமிழ்நாடு. அப்புறம் மரக்காணத்து உப்பளங்கள். ஒரே கடற்கரை, ஒரே பாஷை, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். சட்டம் மட்டும் வேறு வேறு. இன்றைக்கு இந்தக் கோடு நமக்கு ஞாபகம் வருவதெல்லாம் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பையைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கும்போதுதான்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கில அரசு இந்தக் கோட்டைப் பார்த்துக் கவலைப்பட்டதற்குக் காரணம் பாட்டில் இல்லை, ஒரு வாரப் பத்திரிகை. அதன் பெயர் 'இந்தியா'. பாரதியார் நடத்திய பத்திரிகை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் ஒரு பத்திரிகை எப்படி உயிர் வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்று பார்க்கப் புகுந்தால் எழுதியவர் கதை மட்டும் போதாது. அதற்குப் பெயர் கொடுத்தவர், அச்சுக் கோத்தவர், சந்தா கட்டினவர், கட்டைத் தூக்கிப்போன தபால்காரர் எல்லோருமே அந்தக் கதையில் வருகிறார்கள். எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

சென்னையில் பிறந்த பத்திரிகை

தமிழில் அரசியல் பத்திரிகை என்றால் முதலில் சொல்ல வேண்டியது 'சுதேசமித்திரன்'. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் அதை வாரப் பத்திரிகையாகத்தான் தொடங்கினார். 1899இல் தினசரி ஆக்கினார். 1904 கடைசியில் அங்கே உதவி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தவர் பாரதியார். அடுத்த வருஷம் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். நாடு முழுக்கச் சுதேசிக் கிளர்ச்சி. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்காரருக்கு மித்திரனின் நிதானம் போதவில்லை.

1906 மே மாதம் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகை பிறந்தது. பணமும் ஆதரவும் மண்டயம் குடும்பத்தாருடையது; குறிப்பாக எஸ்.என். திருமலாச்சாரியார். எழுத்துப் பொறுப்பு பாரதியார். சிவப்புக் காகிதத்தில் அச்சாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று வார்த்தைகளைக் கொள்கையாகப் போட்டுக்கொண்டது. தமிழில் அரசியல் கார்ட்டூன் போட ஆரம்பித்ததும் இந்தப் பத்திரிகைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவருக்கும் படம் புரியும் அல்லவா?

அதன் சந்தா விவரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் மின்சாரக் கட்டணத்தில் ஸ்லாப் இருக்கிறதே, அதே மாதிரி. சாதாரண ஜனங்களுக்கு வருஷத்துக்கு 3 ரூபாய். நல்ல சம்பளக்காரருக்கு அதைவிட அதிகம், ஜமீன்தாருக்கும் ராஜாவுக்கும் இன்னும் அதிகம். அரசாங்கம் சந்தாதாரராக வேண்டுமானால் 50 ரூபாய்! திட்டு வாங்குவதற்கு அரசாங்கமே கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்ற குறும்பு ஒரு பக்கம் இருக்கட்டும். யாருக்காக இந்தப் பத்திரிகை என்பது அந்தக் கட்டண அட்டவணையிலேயே தெரிந்துவிடுகிறது.

பெயர் கொடுத்தவர்

இன்றைக்கும் எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர் இன்னார், வெளியிடுபவர் இன்னார் என்று. நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. அந்த வரிக்குப் பின்னால் 1867ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. அச்சிடுகிறவரும் வெளியிடுகிறவரும் மாஜிஸ்திரேட் முன்னால் போய் 'நான்தான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கு வந்தால் போலீசார் தேடி வருவது அந்த வரியில் இருக்கும் பெயரைத்தான்.

'இந்தியா'வின் அந்த வரியில் இருந்த பெயர் பாரதியார் இல்லை. எம். சீனிவாசன் என்பவருடையது.

1908 வந்தது. பயங்கரமான வருஷம். மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதே ஜூலையில் திலகருக்கு ஆறு வருஷம். மாண்டலே சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் மாதமே பத்திரிகைகளை அடக்க ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. ஆகஸ்டில் போலீஸ் 'இந்தியா'வுக்கு வந்தது. ராஜத்துரோகக் குற்றம். சீனிவாசன் கைதானார். அவருக்கு ஐந்து வருஷச் சிறை.

பாரதியார் நண்பர்கள் சொற்படி ரயிலேறிப் புதுவைக்குப் போனார். போனது சரியா தப்பா என்று அந்தக் காலத்திலிருந்தே ஒரு பேச்சு உண்டு. அவர் போகாமல் இருந்திருந்தால் தமிழுக்கு என்ன நஷ்டம் என்று நமக்குத் தெரியும். அதனால் அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நான் கேட்பது வேறு. சீனிவாசனை நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? பாரதியாருக்குச் சிலை இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, புதுவையில் அவர் வசித்த வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் நினைவில்லமாக இருக்கிறது. ஐந்து வருஷத் தண்டனை வாங்கியவருக்கு அந்தப் பொடி எழுத்து வரி மட்டும்தான்.

இது ஒரு தடவை நடந்த சமாசாரமும் இல்லை. பெரியார் ஈரோட்டில் 1925 மே மாதம் தொடங்கிய 'குடி அரசு'வும் ஒரு சின்ன ஊர் வாரப் பத்திரிகைதான். 1933 அக்டோபரில் அதில் வந்த ஒரு தலையங்கத்துக்காக டிசம்பரில் பெரியார் கைதானார். அவரோடு கைதாகிச் சிறை சென்றவர் அவருடைய தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள். காரணம் அதேதான்: வெளியிடுபவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

கோட்டைத் தாண்டிய அச்சுக்கூடம்

புதுவைக்கு ஏன் வந்தார்கள்? பிரெஞ்சு ஆட்சி என்பது பொதுவான பதில். குறிப்பான பதில் ஒன்றும் உண்டு. பிரான்சில் 1881 ஜூலை 29இல் ஒரு பத்திரிகைச் சட்டம் நிறைவேறியது. பத்திரிகை தொடங்க முன் அனுமதி வேண்டாம், ஜாமீன் பணம் கட்ட வேண்டாம். ஓர் அறிவிப்பு கொடுத்தால் போதும். பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். காலனிகளுக்கும் இது பொருந்தும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. பாரீஸில் போட்ட சட்டத்தின் நிழல் முத்தியால்பேட்டை வரைக்கும் விழுந்தது. கோட்டக்குப்பத்தில் விழவில்லை.

அச்சுச் சாமான்கள் புதுவைக்கு வந்து சேர்ந்தன. திருமலாச்சாரியார் வந்தார், மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரும் வந்தார். (இவர் வேறு, சிறை சென்ற சீனிவாசன் வேறு. பெயர் ஒற்றுமையால் பலர் குழம்புகிறார்கள்.) 1908 அக்டோபரில் 'இந்தியா' மறுபடியும் வெளிவந்தது. அதே சூடு, அதே கார்ட்டூன். அதோடு நிற்கவில்லை. 'விஜயா' என்ற தினசரி, 'சூரியோதயம்' என்ற வாரப் பத்திரிகை, 'கர்மயோகி' என்ற மாதப் பத்திரிகை என்று அந்தச் சின்னக் கூட்டம் அடுத்தடுத்து நடத்தியது. இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு மீடியா ஹவுஸ். ஆனால் ஆள் பலமும் பண பலமும் ஒரு பெட்டிக்கடை அளவுக்குத்தான்.

ஒரு இதழுக்குப் பின்னால் இருந்த வேலை

வாட்ஸப்பில் ஒரு விரலால் நூறு பேருக்குச் செய்தி தள்ளிவிடுகிற நமக்கு அந்த உழைப்பு சுலபத்தில் விளங்காது. ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அன்று அச்சு என்றால் ஈய எழுத்து. அச்சுக் கோப்பவர் எதிரில் மரக் கேஸ்கள், அதில் அறை அறையாக எழுத்துகள். ஆங்கிலத்துக்குப் பெரிசும் சின்னதுமாக 52 எழுத்து. தமிழில் காலையும் கொம்பையும் தனி அச்சாக வைத்துக்கொண்டாலும் நூறைத் தாண்டிவிடும். புள்ளி வைத்தது ஒன்று, இகரம் ஒன்று, உகரம் ஒன்று என்று ஒவ்வொரு மெய்க்கும் ஒரு குடும்பமே உண்டு. அதிலும் ணை, லை, ளை, னை எல்லாம் அப்போது தும்பிக்கை வைத்த பழைய வடிவம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவை மெல்ல மறைந்தன. இந்தக் கேஸ்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி தலைகீழாகக் கோக்க வேண்டும். புரூஃப் எடுக்க வேண்டும். திருத்த வேண்டும். பக்கமாகக் கட்டி மெஷினில் ஏற்ற வேண்டும். அச்சானதும் அவ்வளவு எழுத்தையும் பிரித்து மறுபடியும் அதனதன் அறையில் போட வேண்டும். போட்டால்தான் அடுத்த வாரத்துக்கு எழுத்து கிடைக்கும். ஞாயிறு வந்தால் முடிந்தது என்று உட்கார முடியாது. வாரப் பத்திரிகைக்கு எப்போதும் அடுத்த வாரம் ஒன்று காத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்து முடித்தால் கையில் இருப்பது ஒரு காகிதக் கட்டு. அதை மடித்து, உறை சுற்றி, விலாசம் எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். எந்த விலாசத்துக்கு? இதுதான் விஷயமே. புதுவை சின்ன ஊர். 'இந்தியா'வின் வாசகர்கள் சென்னையிலும் தஞ்சாவூரிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருந்தார்கள். எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பது யார்? எந்த அரசாங்கத்தைப் பத்திரிகை திட்டியதோ, அதே அரசாங்கத்தின் தபால் இலாகா!

இன்ஜினீயரிங் படித்த நாம் இதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவோம். உற்பத்தி எல்லைக்கு இந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது. விநியோகம் முழுக்க எதிராளியின் கையில் இருக்கிறது. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியின் பலம்தான் என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்களே.

உப்பும் தபாலும்

புதுவையைச் சுற்றி நின்றுகொண்டு அதன் கையைக் கட்டுவது ஆங்கில அரசுக்குப் புதிசில்லை. மரக்காணம் பக்கத்து ஆட்களுக்கு உப்பு உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். நெப்போலியன் யுத்தங்கள் முடிகிற சமயம், 1815இல், இரண்டு அரசாங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கு. பதிலுக்கு வருஷா வருஷம் நாலு லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரருக்கு. பிற்பாடு அந்தப் பகுதிகளில் உப்பு எடுப்பதையே நிறுத்த வைத்தார்கள். உப்பு வரி ஆங்கில அரசின் பெரிய வருமானம். கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலிவு உப்பு கசிந்து வந்தால் அந்த வருமானத்துக்குக் கேடு. அதனால் கசிகிற இடத்தையே அடைத்தார்கள்.

பத்திரிகைக்கும் அதே வைத்தியம்தான். பிரெஞ்சுச் சட்டம் இருக்கும்வரை புதுவை அச்சுக்கூடத்துக்குள் நுழைய முடியாது. வேவுக்காரர்களை அனுப்பலாம், கைது செய்ய முடியாது. ஆகவே அச்சுக்கூடத்தை விட்டுவிட்டுத் தபால் பையைப் பிடித்தார்கள். 1910 பிப்ரவரியில் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. ஆங்கில இந்தியாவுக்குள் புது அச்சகம் வைப்பவர் 500 ரூபாயிலிருந்து 2000 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும் என்பது அதன் ஒரு பாதி. ஆட்சேபகரமான காகிதம் வெளியிலிருந்து வந்தால் சுங்க அதிகாரியும் தபால் அதிகாரியும் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது மறு பாதி. முதல் பாதி புதுவையைத் தொடவில்லை. இரண்டாவது பாதிதான் 'இந்தியா'வின் கழுத்தைப் பிடித்தது.

யோசித்துப் பாருங்கள். எழுதுகிற கை இருக்கிறது. எழுத்துக் கேஸ் இருக்கிறது. மெஷின் ஓடுகிறது. ஆனால் இதழ் போய்ச் சேரவில்லை. சேராத பத்திரிகைக்கு யார் சந்தா கட்டுவார்? கட்ட நினைத்தவருக்கும் பயம் இருந்திருக்கும். சந்தாதாரர் விலாசப் பட்டியலும் போலீசுக்குத் தேவையான பட்டியலும் ஒன்றுதானே. 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றது. புதுவையில் அது வாழ்ந்தது சுமார் பதினேழு மாதம். கூட வந்த மற்றப் பத்திரிகைகளும் அதைத் தொடர்ந்து நின்றன. 'இந்தியா' நின்ற அடுத்த மாதம், ஏப்ரல் 4ஆம் தேதிதான் அரவிந்தர் புதுவையில் கப்பலிலிருந்து இறங்கினார்.

பத்திரிகை நின்றதால்தான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் கிடைத்தன, எல்லாம் நன்மைக்கே என்று மேடையில் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. பத்திரிகை நின்றபோது அந்த மனிதருக்கு 27 வயது. மனைவி, குழந்தைகள். தெரிந்த தொழில் போயிற்று. ஊருக்குத் திரும்ப வழியில்லை. 1918 நவம்பரில் அவர் புதுவையை விட்டு வெளியே கால் வைத்ததும் கடலூர் அருகே கைது செய்தார்கள். சில வாரம் கழித்துத்தான் விட்டார்கள். மறுபடியும் சுதேசமித்திரனில் அவர் உட்கார்ந்தது 1920இல். 1921 செப்டம்பரில் காலமாகிவிட்டார். பாட்டு கிடைத்தது நம் அதிர்ஷ்டம். அதற்காகப் பத்திரிகையின் கழுத்தை நெரித்தவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

கோடு அழிந்த பிறகு

'இந்தியா' போட்ட பாதை அழிந்துவிடவில்லை. 1930இல் சுயமரியாதைக்காரர்கள் 'புதுவை முரசு' நடத்தினார்கள். 1934இல் வ. சுப்பையா 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். புதுவைத் தொழிலாளர் இயக்கம் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் பூர்த்தியானது. எந்தப் பெயரைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பத்திரிகை புதுவைக்கு ஓடி வந்ததோ, அந்தப் பெயருள்ள நாட்டோடு புதுவையே சேர்ந்துவிட்டது.

சரி, அந்த இதழ்கள் என்ன ஆயின? இங்கேதான் நம் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. வாரப் பத்திரிகையை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. படித்தபின் கடைக்காரரிடம் போகும், பொட்டலம் கட்டப் போகும். போதாக்குறைக்குத் தடை வேறு. ரா.அ. பத்மநாபன், இளசை மணியன், சீனி. விசுவநாதன் போன்றவர்கள் வருஷக் கணக்கில் அலைந்து தேடித் தொகுத்ததால்தான் இன்று நம்மால் அவற்றைப் படிக்க முடிகிறது. கார்ட்டூன்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்துப் புத்தகமாக்கியது 1994இல். அதாவது பத்திரிகை நின்று 84 வருஷம் கழித்து! இத்தனைக்கும் இது பாரதியார் பத்திரிகை. நம் ஊர்களில் நாலு பக்கம் அடித்து, கடை விளம்பரம் வாங்கி, கைக்காசைப் போட்டு நடத்தி நின்றுபோன சின்னச் சின்னப் பத்திரிகைகளைத் தேடி யார் அலையப்போகிறார்கள்?

நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். திண்டிவனம், மரக்காணம், கோட்டக்குப்பம், கடலூர், விழுப்புரம் என்று நாம் எல்லோரும் சுற்று வட்டாரத்துக்காரர்கள். அப்பா, தாத்தா காலத்துப் பரணில் பழைய உள்ளூர்ப் பத்திரிகை, சங்க மலர், பள்ளிக்கூட மலர், ஜமாத் மலர், கோயில் திருப்பணி மலர் ஏதாவது கிடக்கலாம். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். பிறகு காகிதத்தை ஒரு நூலகத்தில் சேருங்கள். கோட்டக்குப்பத்தில் அஞ்சுமன் நூலகம் இருக்கிறது. புதுவையில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்த வேலைக்கென்றே 1994இலிருந்து இயங்குகிறது.

படம் பிடிக்கும்போது கடைசிப் பக்கத்தை விட்டுவிட வேண்டாம். அதன் அடியில்தான் பொடி எழுத்தில் அந்த ஒரு வரி இருக்கும்.